அவனுக்கு ஒரு பிளாஷ்பேக்

ஜூன் 3, திங்கள்

நாளை வலது கண்ணில் ஆபரேஷன். பிறகு மூன்று வாரத்துக்கு எழுதக் கூடாது, படிக்கக் கூடாது, குனியக் கூடாது, அடுப்படிப் பக்கம் போகக் கூடாது, தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அறுபத்தொரு வயதில் அறுபத்து மூன்று நாவல் எழுதியவளிடம் போய் எழுதாதே என்கிறார்கள். மருந்துக் கடைக்காரர் கொடுத்த இந்த டைரியில், தடித்த மார்க்கர் பேனாவால், சுவரில் விளம்பரம் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளப் போகிறேன். டாக்டருக்குத் தெரிய வேண்டாம்.

கரூரிலிருந்து தங்கை வளர்மதி வந்துவிட்டாள். அங்கே ஒரு பெட்ஷீட் கம்பெனியில் செக்கிங் வேலை. மூன்று வாரம் லீவு சொல்லிவிட்டுத் திருச்சிக்கு வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக என் பிரிட்ஜைத் திறந்து, "என்னக்கா இது, மாவுக்குத் தாடி மொளச்சிருக்கு" என்றாள். நான் தனியாகத்தானே இருக்கிறேன், யாருக்கு மாவு என்றேன். அவளும் தனியாகத்தான் இருக்கிறாள், அவள் பிரிட்ஜ் அப்படி இருக்காது.

இன்னொரு விஷயம். என் பழைய நாவல் 'காயமும் நீ களிம்பும் நீ' மறுபடி வருகிறது. புத்தகமாகவும், காதில் மாட்டிக் கேட்கிற ஆடியோவாகவும். மிருதுளா தேவன் என்ற பெயரைப் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுபோன நாவல் அதுதான். என் சொந்தப் பெயர் தவமணி. அந்தப் பெயரில் காதல் கதை எடுபடாது என்று முதலாளி பரந்தாமன் சார் அன்றைக்கே மாற்றிவிட்டார்.

ஜூன் 5, புதன்

ஆபரேஷன் நேற்று முடிந்தது. வலிக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சொட்டு மருந்து. "மேல பாருக்கா. பல்லி இருக்கு பாரு, அதப் பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிச் சொட்டு விடுகிறாள் வளரு. இடது கண்ணிலும் புரை இருக்கிறது, அதற்கு அடுத்த மாதம். ஆக இரண்டும் சேர்ந்து எனக்கு இப்போது அரைக் கண்.

ஜூன் 6, வியாழன்

பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் எடிட்டர் பெண் பெனாசிர் வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தாள். முழுசாக ஒன்பது நிமிடம்.

"மேடம், நான் எட்டாவது படிக்கறப்போ எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்த உங்க புக்கத் தேடித் தேடிப் படிப்பேன். அந்த உரிமைல சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆறாம் அத்தியாயத்துல கௌதம் வர்ஷாவ அறையறான். மொட்டைமாடில மழைல நிக்க வெச்சுக் கதவப் பூட்டறான். அவ காலெல்லாம் சிராய்ச்சிருக்கு, அப்புறம் அவனே தூக்கிட்டு வந்து களிம்பு தடவறான். அவ உருகிடறா. இப்ப இத ஒரு பொண்ணு காதுல கேட்டா, அடிக்கறதுதான் ஆசைன்னு நெனச்சுக்க மாட்டாளா? அப்புறம் ஒண்ணு, கறுப்பா இருக்கற பொண்ணுங்க யாரும் உங்க நாவல்ல காதலிக்கவே மாட்டாங்களா மேடம்? எங்க ஆளுங்க வேற பக்ரீதுக்குப் பிரியாணி குடுக்க மட்டும்தான் வர்றாங்க."

எட்டாம் வகுப்பில் என்னைப் படித்தவள் எனக்கே வகுப்பு எடுக்கிறாள். கடைசியில், "அந்த மாடி சீன் உங்களுக்கு எங்கேருந்து மேடம் தோணுச்சு?" என்று ஒரு கேள்வி.

'கற்பனைதான்மா. கதையைக் கதையாகப் பார்' என்று பதில் குரல் அனுப்பினேன். வளரு பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

ஜூன் 7, வெள்ளி

நாவல் முழுவதையும் பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டுமாம். அரைக் கண்ணோடு எப்படிப் பார்ப்பது? அவர்கள் அனுப்பியதைப் போனே வாசித்துக் காட்டும் என்று பெனாசிர் ஏதோ அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன். 'அவன் மூச்சுக்காற்று அவள் கழுத்தில் பட்டது' என்பதை அது ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி வாசித்தது. நிறுத்திவிட்டேன்.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எத்தனை பெண்கள் கைமாறி, அட்டை கிழிந்து, நைந்துபோன புத்தகம் அது. பரந்தாமன் சார் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே தொழில் ரகசியம் இதுதான்: "ஆறுல அவன் என்ன வேணா செய்யட்டும்மா. பதினேழுல ஒரு பிளாஷ்பேக் வெச்சிருங்க. சின்ன வயசுல அம்மா செத்துட்டா, சித்தி சூடு போட்டா, ஏதோ ஒண்ணு. நம்ம பொம்பளைங்க மன்னிச்சிருவாங்க." அப்படியே மன்னித்தார்கள். என் அறுபத்து மூன்று நாவலிலும் பதினேழாம் அத்தியாயத்தில் அநேகமாக ஓர் அம்மா செத்திருக்கிறாள். இத்தனை அம்மாக்களைக் கொன்றவள் தமிழில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூன் 8, சனி

"நான் வாசிக்கறேன்க்கா" என்றாள் வளரு.

வேண்டாம், உனக்குத் தொண்டை கட்டும் என்றேன். போனில் எழுத்து பொடியாக இருக்கிறது என்றேன். அவள் தன் துணிப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். அதே மாத நாவல், 1999 ஆகஸ்ட். பழுப்புத் தாள் போட்டு அட்டை போட்டிருக்கிறாள். "நீ போன்ல சொன்னியே, மறுபடி போடறாங்கன்னு. அதான் எடுத்துட்டு வந்தேன்" என்றாள்.

அவளிடம் அது இன்னும் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரிக்காரனோடு வளரு சண்டை போட்டு இரண்டு குடம் கூடுதலாக வாங்கினாள். பதினோரு மணிக்கு வாசிக்க உட்கார்ந்தோம்.

முதல் பக்கத்தைத் திறந்தாள். அதில் அச்சடித்தது தவிர வேறு இரண்டு வரி இருக்கிறது. அவள் அதை வாசிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. நேராக முதல் அத்தியாயத்துக்குப் போனாள்.

கம்பெனியில் பெட்ஷீட்டை விரித்து 'ஓரம் பிசிறு, நடுவுல ஒரு கறை' என்று சொல்கிற குரலிலேயே வாசிக்கிறாள். 'வர்ஷாவின் தேகம் பாலில் குங்குமப்பூ கரைத்த நிறம்.' 'அவள் பாதங்கள் வெண்தாமரை மொட்டுகள்.' அந்தக் குரலில் கேட்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. வளரு நல்ல கறுப்பு. சின்ன வயதில் என் பவுடரை எடுத்துப் பூசிக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்குவாள். நான் எழுதிய கறுப்புப் பெண்களை நினைத்துப் பார்த்தேன். வேலைக்காரிகள், கோள் சொல்கிறவர்கள். பிறகு இந்த நாவலில் வரும் வர்ஷாவின் தோழி சுதா. அவளுக்குக் கால் வேறு ஊனம். கௌதமை மனதுக்குள் காதலித்து, விட்டுக்கொடுத்து, கல்யாணத்தில் பந்தி பரிமாறுவாள்.

நான்கு அத்தியாயம் முடிந்தது. நாளைக்கு ஐந்தும் ஆறும்.

ஜூன் 11, செவ்வாய்

ஆறாம் அத்தியாயம் பதினான்கு பக்கம். ஐந்தாவதை வாசிக்கும்போது தாள் புரளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆறாவதில் கேட்கவில்லை. ஒரு சொல் தடுமாறாமல், ஒரு மூச்சில் வாசித்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி இடது கண்ணால் பார்த்தேன். புத்தகம் அவள் மடியில் மூடி இருந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்.

மனப்பாடம்.

ஜூன் 12, புதன்

அன்றைக்கு மழை இல்லை. ஏப்ரல் மாத நடுப்பகல்.

ஜூன் 13, வியாழன்

எழுதிவிடுகிறேன். மார்க்கர் தீர்ந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

1999 ஏப்ரல். மாடியில் துணி உலர்த்தும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் சிரித்துப் பேசினாள் என்று வளருவின் புருஷன் குமரேசன் அவளை அறைந்து, செருப்பில்லாமல் மொட்டைமாடியிலேயே விட்டுக் கதவைப் பூட்டினான். மணி ஒன்றிலிருந்து நாலு வரைக்கும். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்துவிட்டது. காலில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸேறி என் வீட்டுக்கு வந்தாள். களிம்பு தடவியது நான். என் அடுப்படியில், பலகை போட்டு உட்கார வைத்து.

அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பொறுக்கவில்லை, அழுதேன், அது நிஜம். அழுதுகொண்டே, "நீ மாடில நிக்கறப்போ அவர் உள்ள என்ன பண்ணிட்டு இருந்தார்?" என்று கேட்டேன். அக்காவாகக் கேட்கவில்லை. அந்த இடம் எனக்குக் கதைக்குத் தேவைப்பட்டது.

"டிவி பாத்துட்டு இருந்தாருக்கா" என்றாள்.

நாவலில் அவன் கதவின் இந்தப் பக்கம் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான்.

ஒன்பது நாள் இருந்தாள். அம்மா சொன்னாள், என் வீட்டுக்காரர் சொன்னார், பத்தாம் நாள் பஸ் ஏற்றிவிட்டோம். இதைப் பெனாசிரிடம் கற்பனை என்று சொன்னேன், வளருவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

செக்கப். கண் நன்றாக ஆறி வருகிறதாம். வழியில் வளரு எனக்கு இரண்டு ரவிக்கைத் துணி எடுத்தாள்.

ஜூன் 15, சனி

பெனாசிர் அழைத்தாள். திங்களும் செவ்வாயும் ஊருக்குப் போகிறாளாம், பக்ரீத். அதற்குள் பாதியாவது வேண்டும் என்றாள். நான் பேச்சை மாற்றி, சுதாவை எடுத்துவிடட்டுமா, அவள் இல்லாமலும் கதை ஓடும் என்றேன்.

"எடுக்காதீங்க மேடம்" என்றாள். "நானும் கால் தாங்கித்தான் நடப்பேன். ஸ்கூல்ல உங்க நாவல் படிச்ச பிள்ளைங்க எனக்கு சுதான்னே பேர் வெச்சாங்க. எவன் யாருக்கு லெட்டர் குடுக்கறதானாலும் என்கிட்டத்தான் குடுத்தனுப்புவாங்க. அவளுக்கு ஒரு ஆளக் குடுத்திருக்கலாம்ல நீங்க?"

நான் இதுவரை அவளை நேரில் பார்த்ததில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. வெயில் எப்படி இருக்கிறது அங்கே என்று கேட்டேன்.

ஜூன் 17, திங்கள்

இன்று பதினேழாம் அத்தியாயம். வேண்டாம், அது நன்றாகத்தான் இருக்கிறது, திருத்த ஒன்றுமில்லை என்றேன். "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று வளரு தாளைப் புரட்டினாள்.

ஏழு வயதுக் கௌதமை விட்டுவிட்டு அவன் அம்மா தீக்குளிக்கிறாள். வேறொருவரோடு சிரித்துப் பேசிய பழி. அன்றிலிருந்து பெண்கள் சிரித்தால் அவனுக்கு மூச்சு முட்டுகிறது. அவன் டைரியைப் படித்து இதைத் தெரிந்துகொண்ட வர்ஷா ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொள்கிறாள். பெண்கள் விம்மி விம்மி அழுத இடம். வளரு செக்கிங் குரலில் வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள்.

"அவருக்கு இந்த மாதிரி ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

பழுப்பு அட்டையின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டாள்.

"தேடிப் பாத்தேன். பத்தொம்பது வருஷம். அவங்கம்மாகிட்ட கேட்டேன், 'எம்புள்ளைக்கு என்ன கொறை, பதினோரு வயசு வரைக்கும் நாந்தான் சோறு ஊட்டுனேன்'னாங்க. அவருகூடப் படிச்சவர் ஒருத்தர் மாரியம்மன் திருவிழாவுக்கு வந்திருந்தாரு, அவரையும் கேட்டேன். இவரு வெளியூர் போனப்போ இவரு பெட்டியக் கொடஞ்சேன். ஒரு லெட்டர், ஒரு போட்டோ, ஏதாவது இருக்கும்னு. பூரா மார்க் சீட்டுதான்க்கா. எல்லாத்துலயும் பாஸு."

சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், வேறு யார் கதையாகவாவது இருந்திருந்தால்.

"அடிக்கறப்பல்லாம் நெனப்பேன், என்ன வலியோ பாவம், இன்னும் கண்டுபிடிக்கலையே நாமன்னு. எம்மேலதான் தப்புன்னு தோணும், சரியாத் தேடலன்னு. ஒண்ணுமே இல்லக்கா. அவரு சும்மாவே அப்படித்தான்."

எனக்கு அழுகை முட்டியது. அவள் சட்டென்று எழுந்து வந்து என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். "அழாத. ஆபரேஷன் கண்ணு. மேல பாரு, சொட்டு விடணும்."

ஜூன் 18, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

1999 ஆகஸ்டில் புத்தகம் வந்தது. அதே வாரம் வளருவிடமிருந்து கடிதமும் வந்தது. 'நான் வந்துடறேன்க்கா. ஒரு மூலையில் இருந்துக்கிறேன். ஏதாவது வேலை தேடிக்கிறேன். சரின்னு ஒரு வரி எழுது.'

இரண்டே அறை வீடு. மாமியார் படுக்கையில். என் வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இப்படி எழுதிக்கொண்டே போனால் எனக்கும் ஒரு பிளாஷ்பேக் ஆகிவிடும். வேண்டாம். சரி என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை. பதிலுக்குப் புத்தகத்தை அனுப்பினேன். முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதி அனுப்பினேன். என்ன எழுதினேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே எழுதக் கை வரவில்லை.

ஜூன் 19, புதன்

எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். பீர்க்கங்காய்க் கூட்டு. உப்பு சரியா என்று கேட்டாள். சரி என்றேன்.

ஜூன் 20, வியாழன்

பெனாசிரைக் கூப்பிட்டு, நாவலைப் போட வேண்டாம், நிறுத்திவிடு என்றேன். ஏன் மேடம், நான் ரொம்பப் பேசிட்டேனா என்று பதறினாள். இல்லைம்மா, நீ சொன்னதெல்லாம் சரி, அந்த மாடி கற்பனை இல்லை, உன்னிடம் பொய் சொன்னேன் என்றேன். சுதாவுக்காகவும் மன்னிப்புக் கேட்டேன். 

அடுப்படியிலிருந்து வளரு வந்தாள். போனை என் கையிலிருந்து வாங்கி, "அப்புறம் பேசறோம்மா" என்று வைத்துவிட்டாள்.

"எதுக்கு நிறுத்தற?"

"இன்னும் என்னடி? இனி யாரும் அதப் படிக்க வேணாம்."

"நிறுத்திட்டா நீ நல்லவளாயிருவ. ஏற்கெனவே படிச்சவங்க என்ன பண்ணுவாங்க? இன்னும் எத்தன பேரு பெட்டியக் கொடஞ்சுட்டு இருக்காங்களோ." கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். "போடு. மழைய எடுத்துட்டு வெயில வை. பதினேழ எடுத்துரு. அவ போகட்டும்."

எப்படிப் போவாள் என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அறுபத்து மூன்று நாவலில் ஒருத்தியையும் நான் வெளியே அனுப்பியதில்லை. நீ எப்படிப் போனாய் என்று, அவள் குமரேசனை விட்டு வந்த இந்த ஆறு வருடத்தில் அவளிடம் கேட்டதுமில்லை.

"ஒரு செவ்வாக்கிழம. அன்னைக்கு அவரு ஒண்ணுமே பண்ணல. தோசை நல்லாருக்குன்னுகூட சொன்னாரு. அவரு ஆபீஸ் போனதும் துணி மடிச்சு வெச்சேன். மடிச்சதுல என்னுத மட்டும் தனியா எடுத்தேன். பைல வெச்சேன். அவ்வளவுதான்."

"எங்க போன?"

"ஸ்டெல்லா வீட்டுக்கு. கம்பெனில எம்பக்கத்துல நிப்பா."

"இங்க ஏன்டி வரல?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சொட்டு மருந்துக்கு இன்னும் அரை மணி இருந்தது. இருந்தாலும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் 22, சனி

நான் சொல்ல, வளரு எழுதுகிறாள். புதிய பதினேழு.

தொடங்குவதற்கு முன்னால், "உன் கதைய நான் எழுதட்டுமா?" என்று கேட்டேன். இருபத்தைந்து வருடம் கழித்துக் கேட்கிறேன். அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். "தோசைய எழுது. மாடிய எழுது. களிம்பு தடவுனத எழுதாத, அது எனக்கு இருக்கட்டும்" என்றாள்.

பழக்கம் விடுகிறதா என்ன. வர்ஷா வாசலைத் தாண்டும்போது கௌதம் ஓடி வந்து கண்ணீரோடு கையைப் பிடித்தான் என்று என் வாயில் தானாக வந்துவிட்டது. வளரு பேனாவை மூடிவிட்டாள். "அவரு ஆபீஸ்ல இருக்காரு" என்றாள். சரி என்று அவனை ஆபீசிலேயே விட்டுவிட்டேன்.

வர்ஷாவை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் நின்றபோது, "அந்த சுதா வீட்டுக்குப் போகட்டும்" என்றாள். "யாராவது ஒருத்தி கதவத் தொறக்கணும்ல."

அப்படியே வைத்தோம். சுதாவுக்கு ஒரு புருஷன் இருக்கிறான். கறுத்த நிறம், நன்றாகச் சமைப்பவன். வர்ஷாவின் பையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உலையில் கூட ஒரு கை அரிசி போடுகிறான். சுதா கால் தாங்கித் தாங்கி நடந்து வந்து கதவை அகலத் திறந்து, 'வா' என்கிறாள். அத்தியாயம் அங்கே முடிகிறது. பெனாசிருக்கு வளருவே போனில் வாசித்துக் காட்டினாள். அவள் மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னாள்.

வர்ஷாவின் நிறத்தையும் மாற்றிவிட்டேன். முதல் அத்தியாயத்திலேயே.

ஜூன் 24, திங்கள்

காலையில் புதுக் கண்ணாடி வந்தது. மதியம் வளரு கிளம்பினாள். இன்னும் ஒரு வாரம் இருக்கலாமே என்றேன். லீவு முடிந்தது என்றாள். இங்கேயே வந்து இரு, ஒரு அறை சும்மாத்தானே கிடக்கிறது என்று சொன்னேன். இதைச் சொல்ல எனக்குச் சொந்தமாக ஒரு முழு வீடும், வீட்டில் வேறு யாரும் இல்லாத நிலையும் வேண்டியிருந்திருக்கிறது.

"பாக்கலாம்க்கா" என்றாள். வரமாட்டாள்.

புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்தாள். அது எதற்கு உனக்கு இனிமேல் என்று கேட்டேன். "என்னுதுக்கா இது. பத்தொம்பது வருஷம் படிச்சிருக்கேன்" என்றாள். பிறகு என்ன தோன்றியதோ, மறுபடி வெளியே எடுத்தாள். முதல் பக்கத்தை மட்டும், ஓரம் பிசிறில்லாமல், கம்பெனியில் நூல் வெட்டுகிற நிதானத்தோடு கிழித்து என் கையில் கொடுத்தாள்.

"இது உன்னுது."

ஆட்டோ வரைக்கும் போய்விட்டு வந்தேன். சொட்டு மருந்து வேளைகளைக் காலண்டரில் குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் கிழித்துத் தந்த தாளை இந்தப் பக்கத்தில் ஒட்டுகிறேன். கண் நன்றாகத் தெரிகிறது. நீல மை, என் கையெழுத்து, ஒரு எழுத்துகூட அழியவில்லை.

'அன்பு வளருவுக்கு, அவசரப்படாதே. பதினேழாம் அத்தியாயம் வரைக்கும் பொறுத்துக்கொள். அக்கா.'